ஆண்டான் கயிறு

சால்வை வந்தபோதே ஜாஸ்மினுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சுங்குவார்சத்திரம் பக்கத்தில் யாரும் யாருக்கும் சும்மா சால்வை போர்த்துவதில்லை. அவளுடைய சித்தப்பாவுக்கு ஒருமுறை போர்த்தினார்கள். அடுத்த மழைக்குள் அவர் நிலத்தைச் சுற்றி ஒரு கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர் எழும்பிவிட்டது. அந்தச் சால்வை இன்னும் அவர் வீட்டு டிவிமேல் தூசி படாமல் இருக்கப் போட்டுக் கிடக்கிறது.

இந்தச் சால்வையைக் கொண்டுவந்தவன் ஹேமந்த். ஈச்சந்தாங்கல் என்ற சின்ன ஏரியின் மேற்குக் கரையை ஒட்டி நிற்கும் ஆறு மாடி லேடீஸ் ஹாஸ்டலின் மேனேஜர். சுற்றியுள்ள கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கும் பெண்கள் நூற்றுக்கணக்கில் அதில் தங்கியிருந்தார்கள். ஹேமந்த் குன்றத்தூர் பையன். மரியாதையான பேச்சு, இஸ்திரி கலையாத சட்டை. ஷூவில் சேறு படாதபடி கரைமேலேயே நின்றுகொண்டு, தண்ணீருக்குள் இடுப்பளவில் நின்றவளைக் கூப்பிட்டான். பழைய கம்பெனி பேன்ட்டும் சட்டையும் சொட்டச் சொட்ட அவள் ஏறி வந்ததும் சால்வையைப் போட்டான். படம் எடுக்க ஆள் இல்லாததால் அவனே கையை நீட்டி செல்போனில் எடுத்துக்கொண்டான்.

ஹாஸ்டலுக்கு இந்த முறையும் தண்ணீர் சாம்பிள் பாஸ் ஆகிவிட்டதாம். சோதிக்க வருகிறவர்களை அவன் ஹாஸ்டல் கழிவு நீர்க் குழாய்ப் பக்கம் விடுவதில்லை, நேராகக் கலங்கலுக்குக் கூட்டிப்போய்விடுவான். தாங்கல் நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் இடம் அது. அங்கே பாட்டிலில் பிடித்த தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது என்றான். எல்லாம் உங்கள் மட்டியால்தான், கூடைகளை இரண்டு மடங்காக்குங்கள், செலவு ஹாஸ்டலுடையது, கரையில் உங்கள் படத்தோடு ஒரு போர்டு வைக்கலாம் என்றான். கடைசியாக, வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, தாங்கல் குத்தகை பங்குனியோடு முடிகிறது இல்லையா என்று கேட்டான். பஞ்சாயத்தில் தான் ஒரு வார்த்தை சொன்னால் அது அவள் கையிலேயே இருக்கும் என்றான். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவன் சொல்லவில்லை. மீன் விட இரண்டு பேர் அந்தத் தாங்கலுக்காகக் காத்திருப்பது ஊருக்கே தெரியும்.

குத்தகை போனால் மட்டி போச்சு. மட்டி போனால் மறுபடியும் கம்பெனி பஸ். ஜாஸ்மினுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

மட்டி என்பது ஏரிச் சேற்றில் புதைந்து கிடக்கும் கறுப்புச் சிப்பி. புத்தி மட்டாக உள்ளவனையும் இந்த ஊரில் மட்டி என்றுதான் திட்டுவார்கள். அவள் வேலையை விட்டுவிட்டு மட்டி வளர்க்கப் போகிறேன் என்று சொன்னபோது பட்டப்பெயர் தேட யாரும் சிரமப்படவில்லை. அன்றிலிருந்து மட்டி ஜாஸ்மின். காலி வாட்டர் கேன்களை மிதக்கவிட்டு, கரைக்குக் கரை நைலான் கயிறு கட்டி, அதில் கூடை கூடையாக மட்டிகளைத் தொங்கவிட்டாள். ஒவ்வொரு மட்டியின் வாயையும் நோகாமல் திறந்து உள்ளே ஒரு சின்ன அச்சை வைத்துவிட்டால், அது வலியோ கோபமோ, அந்த அச்சின்மேல் முத்துப் பூசி மூடிவிடும். பிள்ளையார் நன்றாக வந்தது. சிலுவையும் வந்தது. வேல் மட்டும் முனை சரியாக விழாது. குன்றத்தூர் மலையடிவாரக் கடைக்காரர் வேல்தான் வேண்டும் என்று உயிரை எடுத்தார்.

அவள் முத்துக்காகத்தான் ஆரம்பித்தாள். தண்ணீர் தெளிந்தது தானாக நடந்தது. மட்டி ஓயாமல் தண்ணீரை உள்ளே இழுத்து, அதிலுள்ள பாசியையும் நுண்ணிய அழுக்கையும் தின்று, வேண்டாததைச் சின்ன உருண்டையாகக் கட்டி அடியில் தள்ளிவிட்டு, தெளிந்ததை வெளியே விடும். ஹாஸ்டல் வந்த பிறகு பச்சைக் குழம்பாகிப் போயிருந்த தாங்கல், கூடைகள் இறங்கிய வருஷத்திலேயே இளகத் தொடங்கியது. வெயில் ஏரித் தரையைத் தொட்டதும் வேலம்பாசிக் கொடி முளைத்தது. அதற்குள் கெண்டைக் குஞ்சுகள் வந்தன. அதைத் தேடி மீன்கொத்தி வந்தது. கலங்கலுக்குக் கீழே பெண்கள் மறுபடியும் துணி துவைத்தார்கள். ஜாஸ்மினின் அம்மா ஞானம்மா அந்த ஓடைத் தண்ணீரில் கீரைப் பாத்தி போட்டாள். யாரும் மட்டிக்கு நன்றி சொல்லவில்லை. மாறாக, சாம்சன் பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், நாம் உபவாசமிருந்து ஜெபித்ததால் தாங்கல் தெளிந்தது என்று சாட்சி சொன்னார். ஜாஸ்மின் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து மறுக்கவில்லை. தண்ணீர் தெளிந்தால் சரி என்று விட்டுவிட்டாள்.

சால்வை வந்ததற்கு மறுநாள் மாரிராஜ் வந்தான். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். ஹாஸ்டலின் கழிவு நீர் பிளான்ட்டைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அங்கே பெரிய தொட்டிகளுக்குள் காற்றை ஊதும் புளோயர் ஒன்று உண்டு. அது இரவும் பகலும் ஓடினால்தான் தொட்டியிலுள்ள கிருமிகள் கழிவைத் தின்று தண்ணீராக்கும். அந்தச் சத்தம் கரைவரைக்கும் கேட்கும். கேட்டுக்கேட்டுப் பழகிப்போனதால் அது நின்றதை ஜாஸ்மின் கவனிக்கவில்லை.

“எக்கா, ஒண்ணு சொல்லுதேன். நான் சொன்னதாச் சொல்லப்படாது.”

“சொல்லு.”

“புளோயரை நிப்பாட்டி ரெண்டு மாசமாச்சு. கரண்டு பில்லு ஏறுதாம். அதான் அக்கா மட்டி சுத்தம் பண்ணுதுல்லா, நாம வேற எதுக்குலேன்னு மேனேஜர் கேக்காரு. இப்பம் ஒங்க மட்டிதான் எங்க பிளான்ட்டு.”

“அப்ப நீ இன்னாத்துக்கு சம்பளம் வாங்குற?”

“சும்மா இருக்கதுக்கு.” சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு தண்ணீரைப் பார்த்தான்.

அவள் இறங்கி மேற்கு ஓரத்துக் கூடை ஒன்றைத் தூக்கினாள். உயிருள்ள மட்டி கை பட்டதும் இறுக மூடிக்கொள்ளும். செத்தது பிளந்து கிடக்கும். அந்தக் கூடையில் பாதி பிளந்து கிடந்தது. அழுகிய நாற்றம் முகத்தில் அடித்தது. கொஞ்ச நாளாகவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாவதை அவள் பார்த்திருந்தாள், வெயில் என்று நினைத்திருந்தாள். வெயில் இல்லை. தெளிந்த தண்ணீருக்கு அடியில், குழாயில் வந்த கழிவால் மூச்சு விடக் காற்று இல்லாமல் அதுகள் வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

அவளுக்கு இந்த விஷயம் புதிதில்லை. ஒரகடத்தில் வண்டி செய்யும் கம்பெனி ஒன்றில் அவள் லைனில் நின்ற காலத்தில் பார்த்ததுதான். ஒரு ஸ்டேஷனில் போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விடுவார்கள். அடுத்த ஸ்டேஷனில் நிற்பவள், நமக்கேன் வம்பு என்று சத்தம் போடாமல் முடுக்கி அனுப்புவாள். கொஞ்ச நாளில் முதல் ஸ்டேஷன்காரன் முடுக்குவதையே மறந்துவிடுவான். கணக்கில் எல்லாம் சரியாக இருக்கும். அடுத்தவளின் மணிக்கட்டு மட்டும் போகும்.

அந்த லைன் நெடுக, தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடியது. ஆண்டான் கயிறு என்பார்கள். தப்பு கண்ணில் பட்டால் இழுக்க வேண்டும், மஞ்சள் விளக்கு எரியும், லைன் நிற்கும். சேர்ந்த புதிதில் ஜாஸ்மின் அதைத் தமிழ் வார்த்தை என்றே நினைத்திருந்தாள். ஆண்டானுடைய கயிறு, அடிமை தொடக்கூடாது. அவளோடு நின்ற பெண்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள், யாரும் தொட்டதில்லை. ஆண்டான் என்றால் ஜப்பான்காரன் பாஷையில் விளக்காம், யார் வேண்டுமானாலும் இழுக்கலாமாம் என்று ஒருநாள் டிரெய்னிங்கில் சொன்னார்கள். சொன்னதை நம்பி ஒரு நைட் ஷிப்டில் அவள் இழுத்துவிட்டாள். லைன் நின்றது. சூப்பர்வைசர் ஓடிவந்து என்ன தப்பு என்று கேட்கவில்லை. யாரு இழுத்தது என்றுதான் கேட்டான். அதற்குப் பிறகு அவளைப் பேக்கிங்கில் போட்டார்கள், அதுவும் நைட்டிலேயே. யாரும் திட்டவில்லை, யாரும் பேசவும் இல்லை. ஒரு காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் பிறகு அந்தப் பஸ்ஸில் ஏறவே இல்லை.

பிளந்த மட்டிகளைக் கரையில் கொட்டிவிட்டு அவள் மாரிராஜைப் பார்த்தாள்.

“லைன நிறுத்தப் போறேன்,” என்றாள்.

நிறுத்துவதென்றால் மட்டிகளைத் தண்ணீரை விட்டு எடுக்க வேண்டும். எடுத்தால் வைக்க இடம் வேண்டும். அத்தனையும் கொள்ளும் தொட்டி ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சாம்சன் பாஸ்டரின் தகர ஷெட் சபைக்குப் பின்னால், நீல டைல்ஸ் ஒட்டிய ஞானஸ்நானத் தொட்டி. பாஸ்டர் வார நாட்களில் டயர் கம்பெனியில் ஷிப்டு பார்ப்பவர். அவர் தூங்கி எழுந்த பதினோரு மணிக்கு ஜாஸ்மின் போய் நின்றாள்.

“ஞானஸ்நானத் தொட்டில மட்டியாம்மா? ஆண்டவருக்கு அடுக்குமா?”

“படைச்சவருக்கு அதுங்கள பாத்தா அருவருப்பு வராது பாஸ்டர். உங்களுக்குத்தான் வரும்.”

பாஸ்டர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். வருகிற ஞாயிறு நாலு பேருக்கு முழுக்கு ஞானஸ்நானம் வைத்திருப்பதாகச் சொன்னார். பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்து முகம் மலர்ந்தது. தொட்டி எதற்கு, தாங்கலிலேயே கொடுத்துவிடலாம். யோர்தானில் கொடுத்த மாதிரி திறந்த வெளியில், ஊர் பார்க்க. தண்ணீர்தான் கண்ணாடி மாதிரி இருக்கிறதே.

“பாஸ்டர், மட்டிய எடுத்துட்டா தண்ணி அப்டியே இருக்காது.”

“விசுவாசம் வேணும்மா,” என்றார் அவர்.

அவள் ஒரு தடவைதான் சொன்னாள். இரண்டாம் தடவை சொல்லவில்லை. அதற்காகப் பிற்பாடு வருத்தப்படவும் இல்லை.

பகல் முழுக்கக் கூடைகள் ஏறின. ஞானம்மா முணுமுணுத்துக்கொண்டே ஒரு கை பிடித்தாள். குட்டி யானை வண்டியில் சபைக்குக் கொண்டுபோகும் வழியில் வெயில் படாமல் இருக்க, ஹேமந்த் போர்த்திய சால்வையை நனைத்துக் கூடைகள்மேல் போட்டார்கள். அதற்கு அது நல்ல சால்வை. மீன் தொட்டிக் கடையில் வாங்கிய காற்றுப் பம்புகளைத் தொட்டிக்குள் விட்டதும் மட்டிகள் மெல்ல வாய் திறந்து மூச்சு வாங்கின. போர் தண்ணீரில் சாப்பிட ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் தாங்கும்.

தாங்கல் தாங்கவில்லை. இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் வேலம்பாசியின் தலை மங்கியது. அதற்குப் பிறகு பங்குனி வெயிலில் கொதிக்கிற உலை மாதிரி பச்சை பொங்கிக்கொண்டு வந்தது, அதன்மேல் சோப்பு நுரை திட்டுத்திட்டாக ஒதுங்கியது. மீன்கொத்தி வரவில்லை. கலங்கலுக்குக் கீழே துணி துவைக்கப் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். திரும்பியவர்கள் ஹாஸ்டல் வாசலுக்குப் போகவில்லை. ஜாஸ்மின் வீட்டு வாசலுக்குத்தான் வந்தார்கள். நல்லா இருந்த தண்ணியைக் கெடுத்துவிட்டாள், திமிர், மட்டிக்குப் பிறந்தவள் என்றெல்லாம் பேசினார்கள். அவர்கள் போன பிறகு ஞானம்மா மிச்சத்தைப் பேசினாள். அவள் கீரை முழுக்க நாறியது.

“ஊரு வாய வாங்கிக்கினு வந்து வூட்ல வெச்சிக்கிறியே, உனுக்கு இன்னாடி வேண்டுதல்?”

“நானாம்மா பேண்டேன் அதுல?”

“நீ பேளல. நீ அள்ளிக்கினு இருந்த. திடீர்னு வுட்டா அசிங்கம் யார்துன்னா பாப்பான்? அள்ளாதவளத்தான் பாப்பான்.”

அம்மா சொன்னது சரிதான். ஆனால் ஜாஸ்மின் திரும்பப் போய் அள்ளுவதாக இல்லை.

ஹேமந்த் இரண்டு முறை போன் செய்தான். மட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாள். பொய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறும் முன்பே பாஸ்டர் கிடார், தம்புரின், சபையார் சகிதம் பாடிக்கொண்டு வந்தார். வாரம் முழுக்க நைட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்கியவர். தாங்கல் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. தண்ணீர் கெட்டுப்போயிருக்கிறது என்று சொன்னவர்களிடம் ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். முழுக்கு வாங்கப்போகும் நாலு பேரும் முன்னால் நடந்தார்கள். இரண்டு வெள்ளை வேட்டி, இரண்டு வெள்ளைச் சேலை. கஞ்சி போட்டு வெளுத்த வெள்ளை. கரை ஏறியதும் பாட்டு நின்றது. தம்புரின் மட்டும் ஒரு தட்டு தட்டி ஓய்ந்தது.

வெள்ளைச் சேலையில் ஒருத்தி சந்திரம்மாள். கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற வேலை. எதற்கும் பயப்படாதவள். தண்ணீரின் ஓரம்வரை இறங்கி, கால் விரலால் நுரையை ஒதுக்கிப் பார்த்துவிட்டு, விரலைப் புல்லில் துடைத்துக்கொண்டாள்.

“இதுல முழுகினா பாவம் போவாது பாஸ்டர். சொறிதான் வரும்.”

யாரோ சிரித்தார்கள். மேலேயிருந்தும் சிரிப்பு கேட்டது. ஹாஸ்டலின் ஆறு மாடி பால்கனிகளிலும் பெண்கள். நைட் முடித்துத் தூங்கப் போக வேண்டியவர்கள். சில நாளாக ஜன்னலைத் திறக்க முடியாமல் கிடந்தவர்கள். பச்சைத் தண்ணீருக்கு முன்னால் வரிசையாக நின்ற வெள்ளைத் துணிகளைச் செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் அண்ணாந்து அவர்களைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், பிறகு சுற்றிலும் தேடி ஜாஸ்மினைப் பார்த்தார். அவள் காலிக் கேன்கள் மிதக்கும் கயிற்றின் பக்கத்தில் நின்றிருந்தாள். எது தண்ணீரைத் தெளிய வைத்தது என்று அந்த நிமிஷம் அவருக்கு விளங்கிவிட்டது, அவ்வளவுதான்.

ஹேமந்த் பைக்கைக் கரைமேலேயே ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்தினான். இன்று ஷூவைப் பார்க்கவில்லை. நேராக ஜாஸ்மினிடம் வந்து குரலைத் தாழ்த்தினான். நாளைக்குக் காலையில் சாம்பிள் எடுக்க வருகிறார்கள், புகார் போயிருக்கிறது, இன்றைக்கே எல்லாக் கூடையையும் இறக்குங்கள், ராத்திரி முழுக்க ஓடினால் விடிவதற்குள் கொஞ்சமாவது தெளியும் இல்லையா என்றான். கூடுதல் கூடைக்கும் இப்போதே ஏற்பாடு செய்கிறேன் என்றான்.

“மட்டிக்கு ஓ.டி. கெடையாது, தம்பி.”

அதுவரை அவள் அவனை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

“அக்கா, விளையாடாதீங்க. குத்தகையை யோசிச்சுப் பாருங்க.”

“யோசிச்சிட்டுத்தான் எடுத்தேன். புளோயர போடு. நாலு நாள் நிக்காம ஓடட்டும். அப்புறம் மட்டி இறங்கும். அதுவும் தாங்கலுக்காக இறங்கும், உன் ஹாஸ்டலுக்காக இல்ல.”

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. புளோயர் என்ற வார்த்தை கரையில் எல்லோர் காதிலும் விழுந்தது. புளோயர்னா இன்னா என்று ஒரு கிழவர் கேட்டார். பால்கனியில் முதல் மாடிப் பெண் ஒருத்தி அதற்கு விளக்கம் சொன்னாள், அவள் வேலை செய்யும் கம்பெனியிலும் அது உண்டாம். சந்திரம்மாள் ஹாஸ்டல் சுவரின் அடியிலிருந்து தாங்கலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த குழாயைக் காட்டினாள். தலைகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் திரும்பின. சில நாளாக ஜாஸ்மின் வாசலைப் பார்த்தே திட்டிய முகங்கள். ஞானம்மாவும் திரும்பினாள். பாஸ்டர் முன்னால் வந்து ஹேமந்தின் தோளில் கையை வைத்தார்.

“பிரதர், அந்தக் குழாய்ல வர்றது இன்னா?”

ஹேமந்த் பதில் சொல்லும் முன், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு உறுமல் கிளம்பியது. முதலில் இருமியது, பிறகு சீராகியது. கரையில் நின்றவர்களின் காலடி மண்கூட லேசாக அதிர்ந்தது. ஹேமந்தின் முகம் சுருங்கியது.

“யாரு போட்டது?” என்று கத்தினான்.

ஜாஸ்மின் இதை லைனில் கேட்டிருக்கிறாள். அதே கேள்வி. என்ன தப்பு என்று இல்லை, யாரு என்று.

சுவருக்கு மேலே மாரிராஜின் தலை தெரிந்தது. கிரீஸ் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“நாந்தான் சார்.”

அன்று முழுக்கு நடக்கவில்லை. வெள்ளைத் துணிக்காரர்கள் வெள்ளையாகவே வீட்டுக்குப் போனார்கள். மட்டிகள் தொட்டியில் இருக்கட்டும், ஆத்துமாக்கள் ஒரு வாரம் காத்திருக்கலாம் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். தன் சாட்சியை அவர் வாபஸ் வாங்கவில்லை. கர்த்தர் மட்டியையும் பயன்படுத்துவார் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். மறுநாள் வந்தவர்களை ஹேமந்த் கலங்கலுக்குத்தான் கூட்டிப்போனான். ஆனால் சந்திரம்மாளும் இன்னும் சில பெண்களும் குழாய்ப் பக்கம் குந்தி உட்கார்ந்து, இங்கேயும் ஒரு பாட்டில் பிடியுங்கள் என்று எழுந்திருக்காமல் பிடிவாதம் பிடித்தார்கள். வந்தவர்கள் அங்கேயும் பிடித்தார்கள். இரண்டு பாட்டிலும் பச்சை, இனி புளோயரை நிறுத்த வழியில்லை. மாரிராஜின் வேலை தப்பியது. புளோயரை இயக்கத் தெரிந்தவன் வேறு யாரும் ஹாஸ்டலில் இல்லை.

குத்தகை தப்பவில்லை. ஹேமந்த் சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டான். தாங்கல் ஏலத்துக்கு வருகிறது என்று தண்டோரா போட்டார்கள். மீன்காரர்கள் கரையை வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஞானம்மா தலையில் அடித்துக்கொள்வாள் என்று ஜாஸ்மின் எதிர்பார்த்தாள். அவள் கெட்டுப்போன கீரையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பாத்தியை மறுபடியும் கொத்திக்கொண்டிருந்தாள். ஏலத்தன்னிக்கு நானும் வரேன், எவன் கேக்குறான்னு பாப்போம் என்று மட்டும் சொன்னாள்.

பங்குனி முடிய இன்னும் நாள் இருந்தது. அதுவரை தாங்கல் ஜாஸ்மினுடையது. நாலு நாள் புளோயர் நிற்காமல் ஓடியதைக் காதாலேயே எண்ணிவிட்டு, ஐந்தாம் நாள் பகலில் அவள் முதல் கயிற்றை மட்டும் இறக்கினாள். மேற்கு ஓரம், குழாய்க்கு நேரே. மற்றக் கூடைகள் தொட்டியிலேயே இருந்தன. மட்டிகள் பச்சைக்குள் மெல்ல இறங்கி மறைந்தன. கரையில் உட்கார்ந்து, கயிற்றின் நுனியை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

மத்தியானம் கரண்டு போனது. உறுமல் அப்படியே அடங்கியது. அவள் எழுந்து நின்று கயிற்றை இழுக்கத் தொடங்கினாள். முதல் கூடை தண்ணீருக்கு மேலே வந்து சொட்டிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஓடும் சத்தம், பிறகு ஜெனரேட்டர் பிடிக்கும் சத்தம், பிறகு புளோயர்.

அவள் கூடையைத் திரும்ப இறக்கினாள். கயிற்றை விடவில்லை.